பார்சலில் வரும் மருந்தும் யாரும் கேட்காத கேள்வியும்

ஈராண்டுகளுக்கு முந்திய தைப்பூசத்தில் என் பெரியம்மா பத்துமலையின் 272 படிகளையும் ஏறி முடித்தார். அதற்கு முந்திய ஆண்டு கீழே கூடாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர். வயது 62. கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் 27 ஆண்டுகள் நின்றபடியே வேலை பார்த்ததில் தேய்ந்துபோன முழங்கால்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் அவர் அனுப்பிய படத்தைக் குடும்பப் புலனக் குழுவில் பார்த்து எல்லாரும் வாழ்த்துச் சொன்னோம்.

"எப்படிக்கா ஏறுனீங்க?" என்று அம்மா கேட்டார்.

"எல்லாம் அந்த மூலிகை கேப்சூல்தான். முகநூல் நேரலையில ஒரு பொண்ணு விக்குது. மூணே நாள்ல வலி போயிருச்சு."

அந்த வாரமே குழுவில் நான்கு பேர் விலை கேட்டார்கள். பெரியம்மாவுக்கு இணையத்தில் பணம் கட்டத் தெரியாது. இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் அவருக்காக வாங்கிக் கொடுத்தவள் நான். ஒரு பெட்டி 89 ரிங்கிட். மூன்று பெட்டி எடுத்தால் அஞ்சல் கட்டணம் இல்லை.

நான் வானொலியில் அறிவிப்பாளர். மருந்து விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்திருக்கிறேன். அவற்றின் கடைசி வரியில் 'கே.கே.எல்.ஐ.யூ.' என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். நேரம் போதாது என்பதால் அதை மூச்சுவிடாமல் வாசித்து முடிப்போம். சுகாதார அமைச்சின்கீழ் இயங்கும் மருந்து விளம்பர வாரியம் அந்த விளம்பரத்துக்கு ஒப்புதல் தந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் பெரியம்மாவின் பெட்டியில் நான் எந்த எண்ணையும் தேடவில்லை. வலி போய்விட்டதே, பிறகென்ன!

அடுத்த சில மாதங்களில் அவர் முகம் பூரித்தது. "களை வந்திருக்கு" என்றார்கள் உறவினர்கள். கையில் லேசாக இடித்துக்கொண்டாலும் கருநீலமாகக் கன்றியது. வயதானால் அப்படித்தான் என்றோம். அரசாங்க கிளினிக்கில் சர்க்கரை அளவு ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். பலகாரத்தின் மீது பழி போட்டோம். ஆறாவது மாதம் அந்த முகநூல் பக்கம் காணாமல் போனது. கேப்சூல் தீர்ந்தது. அடுத்த வாரத்தில் ஒருநாள் காலை, இரவு முழுக்க வாந்தி எடுத்த பெரியம்மா குளியலறையில் சுருண்டு விழுந்தார்.

அவசரப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர் கேட்டார்: "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா?" இல்லை என்றோம். நாங்கள் பொய் சொல்லவில்லை. மூலிகையை மருந்து என்று நாங்கள் நினைத்ததே இல்லை. அவர் பெரியம்மாவின் முகத்தையும் கைகளையும் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார்: "ஜாமு, மூலிகை, கேப்சூல், இணையத்தில் வாங்கிய எதுவும்?" அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உடலின் அட்ரினல் சுரப்பிகள் அன்றாடம் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. வெளியிலிருந்து தொடர்ந்து ஸ்டெராய்டு வந்துகொண்டிருந்தால் அவை வேலையை நிறுத்திவிடும். திடீரென்று வெளிவரத்து நின்றால் உடலிடம் ஒன்றுமே இருக்காது. இரத்த அழுத்தம் விழும், வாந்தி வரும், மயக்கம் வரும், கவனிக்காவிட்டால் உயிர் போகும். பெரியம்மாவின் இரத்தத்தில் கார்ட்டிசோல் மிகவும் குறைந்திருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கேள்வியை இரண்டாவது முறை யாரும் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

உரிமமில்லாத இணைய மருந்து விற்பனையைப் பற்றிப் பேசினாலே 'போலி மருந்து, வேலை செய்யாது' என்றுதான் பலர் புரிந்துகொள்கிறார்கள். வேலை செய்யாத மருந்து, இருக்கும் ஆபத்துகளில் ஒன்று மட்டுமே. மொத்தத்தில் நான்கு வகைக் கோளாறுகள் உண்டு.

முதலாவது, மருந்தே இல்லாத மருந்து. மாவும் சாயமும் மட்டும் இருக்கும். தலைவலி மாத்திரை என்றால் தலைவலி நீடிக்கும், அவ்வளவுதான். இரத்த அழுத்த மாத்திரை என்றால், மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையிலேயே ஒருவர் பக்கவாதத்தை நோக்கி நடப்பார்.

இரண்டாவது, அளவு தவறிய மருந்து. பெயர் சரி, பொருள் சரி, அளவு தப்பு. நுண்ணுயிர்க்கொல்லியின் அளவு குறைந்தால் பலவீனமான கிருமிகள் மட்டும் சாகும். தப்பிக்கும் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகப் பெருகும். அந்தக் கிருமி வாங்கியவரோடு நிற்காது. வீட்டிலுள்ள குழந்தைக்கும் போகும்.

மூன்றாவது, சொல்லாமல் கலந்த மருந்து. பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான் என்பதே மருத்துவர்களின் முடிவு. மூட்டுவலிக்கான 'மூலிகை'ப் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டெராய்டுகளும், 'ஆண்மைக் காப்பி'களில் சில்டெனாஃபில், டடலாஃபில் போன்றவையும், உடல் மெலியும் காப்பி, கேப்சூல்களில் சிபுட்ராமினும் கலந்திருப்பதை நம் நாட்டு அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கிறார்கள். சிபுட்ராமின் ஒரு காலத்தில் முறையாக விற்கப்பட்ட மருந்து. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுகிறது என்று தெரியவந்ததும் 2010-இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. மருந்தகத்திலிருந்து போன அது, காப்பித் தூளுக்குள் திரும்பி வந்திருக்கிறது.

நான்காவது, வழியில் கெட்டுப்போன மருந்து. தயாரிப்பில் குறையே இல்லாமல் இருக்கலாம். ஆனால் இன்சுலினைப் பயன்படுத்தத் தொடங்கும்வரை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். நம் ஊர் நண்பகல் வெயிலில் லாரியிலும் விநியோகக் கிடங்கிலும் மூன்று நாள் கிடந்து வரும் பார்சலுக்குள் அந்த இன்சுலின் என்ன ஆகியிருக்கும்? கெட்டுப்போன இன்சுலின் பல நேரங்களில் பார்வைக்கு நல்ல இன்சுலின்போலவே இருக்கும்.

இந்த நான்கில் எதையும் வாங்குபவரின் கண்ணோ நாக்கோ கண்டுபிடிக்காது. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கிறோம். மாத்திரையில் அப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. 'எனக்கு நல்லா வேலை செஞ்சுது' என்ற பாராட்டும் சான்றாகாது. பெரியம்மாவுக்கும் நன்றாகத்தான் வேலை செய்தது. மூலிகை என்று சொல்லப்பட்ட ஒன்று மூன்று நாளில் அற்புதம் செய்தால், சந்தேகத்தை அங்கேதான் தொடங்க வேண்டும்.

அண்டை வீட்டில் நடந்தது

2008-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளுக்குப் புரியாத நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்திருந்தது. ஆனால் அவர்களில் யாருக்கும் நீரிழிவு இல்லை. நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்களும் இல்லை. ஜனவரி முதல் மே மாத இறுதிக்குள் அப்படி வந்தவர்கள் 150 பேர். ஒருவரைத் தவிர எல்லாரும் ஆண்கள். ஏழு பேர் நினைவு திரும்பாத நிலைக்குப் போனார்கள். அவர்களில் நான்கு பேர் இறந்தார்கள்.

காரணம், ஆண்மைக்கு என்று சட்டவிரோதமாக விற்கப்பட்ட மாத்திரைகள். மூலிகை என்று பெயர் போட்டவையும் அவற்றில் இருந்தன, பிரபல மாத்திரை ஒன்றின் போலியும் இருந்தது. உள்ளே கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது. சிலவற்றில் ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்குத் தரக்கூடிய உச்ச அளவைவிடப் பல மடங்கு அதிகம்.

இதில் என்னை உறுத்தியது வேறொன்று. அந்த 150 பேரில், இப்படி ஒன்றைச் சாப்பிட்டேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மூளைக்குச் சர்க்கரை போகாமல் மயங்கிக் கிடந்தவர்களால் சொல்ல முடியவில்லை. நினைவு இருந்தவர்களில் பலர் கூச்சத்தில் சொல்லவில்லை. மருத்துவர்கள் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துத்தான் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 2002-இல், அதே சிங்கப்பூரில் 'ஸ்லிம் 10' என்ற உடல் மெலியும் மாத்திரை பெரும் செய்தியானது. அதைச் சாப்பிட்ட தொலைக்காட்சி நடிகை ஆண்ட்ரியா டி குரூஸின் கல்லீரல் செயலிழந்தது. அப்போது அவருடைய காதலராக இருந்த நடிகர் பியர் பிங் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்து அவரைக் காப்பாற்றினார். அதே மாத்திரையைச் சாப்பிட்ட இன்னொரு பெண் பிழைக்கவில்லை. தடைசெய்யப்பட்ட ஃபென்ஃபுளூராமினும் அதையொத்த ஒரு பொருளும் அதில் இருந்தன.

அன்று அந்த மாத்திரைகள் கைக்குக் கைதான் மாறின. இன்று விற்பவரின் முகத்தைப் பார்க்காமலே, படுக்கையில் சாய்ந்தபடி நள்ளிரவில் வாங்கிவிடலாம். அமெரிக்காவின் மருந்தக வாரியங்களுக்கான தேசியச் சங்கம் பல்லாண்டுகளாக இணைய மருந்தகங்களை ஆராய்ந்து வருகிறது. அது பார்த்த ஆயிரக்கணக்கான தளங்களில் சுமார் 95 விழுக்காடு சட்டத்துக்கோ மருந்தகத் தரத்துக்கோ உட்படாதவை. 'இன்டர்போல்' 2008 முதல் 'பாஞ்சியா' என்ற பெயரில் பல நாட்டு அதிகாரிகளைச் சேர்த்துச் சோதனைகள் நடத்துகிறது. ஒரு பக்கத்தை மூடினால் வேறு பெயரில் இன்னொன்று முளைக்கிறது.

எடை குறைக்கும் ஊசி

முப்பது வயதுக்காரர்களின் பேச்சில் இப்போது மூட்டுவலியைவிட அதிகம் அடிபடுவது எடை குறைக்கும் ஊசி. 'ஓஸெம்பிக்' என்ற பெயரில் வரும் செமாகுளுடைட், இரண்டாம் வகை நீரிழிவுக்காகத் தயாரிக்கப்பட்டது. பசியைக் குறைத்து எடையையும் குறைக்கிறது என்பதால் உலகம் முழுக்கத் தேவை கூடியது, தட்டுப்பாடு வந்தது, போலிகளும் வந்தன. 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில் போலி ஊசி போட்டுக்கொண்ட சிலர் சர்க்கரை இறங்கி, வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பேனாவுக்குள் செமாகுளுடைட்டுக்குப் பதில் இன்சுலின் இருந்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு அதிகாரிகள் எச்சரித்தார்கள். 2024 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனமும் போலி ஓஸெம்பிக் பற்றி உலகளாவிய எச்சரிக்கை வெளியிட்டது.

எடை குறைக்க நினைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோய் ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உடல் எடை கூடுதல். 2019-இல் எடுத்த ஆய்வில் இந்தியச் சமூகத்துப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. எல்லா இனத்தாரையும் சேர்த்தால் அது 18.3 விழுக்காடு. இந்த மருந்துகளின் தேவை நம் வீடுகளில்தான் அதிகம். விற்பவர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் அவர்களின் நேரலை நம் மொழியிலேயே, நம் சாமிப் படத்துக்கு முன்னாலேயே நடக்கிறது.

முகப்பில் கேட்கும் கேள்விகள்

மருந்தகத்தில் மருந்தாளர் கேட்கும் கேள்விகள் நமக்கு எரிச்சலாக இருக்கும். யாருக்கு வேண்டும்? எத்தனை நாளாக? வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா? ஒவ்வாமை உண்டா? பின்னால் நாலு பேர் காத்திருக்கும்போது இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். இணையத்தில் இந்தத் தொல்லை இல்லை. முகவரியும் பணமும் போதும்.

அந்தக் கேள்விகளும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். சில்டெனாஃபில் அசல் மருந்தாகவே இருக்கட்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துபவர் அதைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். 'ஆண்மைக் காப்பி' குடிப்பவருக்கு அதில் சில்டெனாஃபில் இருப்பதே தெரியாது. அவருக்கு நெஞ்சு வலித்து மருத்துவமனைக்குப் போனால், நைட்ரேட் கொடுக்கப்போகும் மருத்துவருக்கும் தெரியாது. சாதாரண வலி மாத்திரைகளில் சில, சிறுநீரகம் பழுதடைந்தவரின் நிலையை மேலும் மோசமாக்கும். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை கர்ப்பிணியின் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைகளை உண்டாக்கும். அதனால்தான் அதைத் தருமுன் மருத்துவர் அத்தனை கேட்கிறார்.

ஆகவே ஆபத்தை எடைபோடும்போது 'இந்த மாத்திரை அசலா?' என்று மட்டும் கேட்டால் போதாது. இது என் உடலுக்குப் பொருந்துமா என்று யார் பார்த்தார்? எனக்கு ஏதாவது ஆனால் நான் என்ன சாப்பிட்டேன் என்று யாருக்குத் தெரியும்? நாளைக்கு இந்த விற்பனையாளரை எங்கே தேடுவேன்? மூன்றுக்கும் பதில் 'யாருமில்லை, எங்குமில்லை' என்றால், அசல் மாத்திரைகூட ஆபத்தான மாத்திரைதான்.

ஏன் அங்கே போகிறோம்?

பெரியம்மாவை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் முட்டாள் இல்லை. கிளினிக்கில் எடையைக் குறையுங்கள், பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லி பாரசெட்டமோல் கொடுத்தார்கள். வலி போகவில்லை. நேரலையில் பேசிய பெண்ணோ அவரை "அம்மா" என்று கூப்பிட்டாள். எந்தக் கால், மாடி ஏற முடிகிறதா என்று கேட்டாள். அவருக்காக நேரம் ஒதுக்கிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். விற்பதற்காகக் கேட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நம்மை அங்கே தள்ளுபவை மூன்று: கூச்சம், காசு, நேரம். மூன்றுமே உண்மையான காரணங்கள். மூன்றுக்கும் ஓரளவு பதில் இருக்கிறது.

காசு என்றால், குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து மருந்தும் வாங்க முடியும். தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் 2025 மே 1 முதல் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். விலையைக் கேளுங்கள். அதே மூலப்பொருளில் வேறு நிறுவனத்தின் மலிவான மருந்து உண்டா என்றும் கேளுங்கள். கேட்பதில் அவமானமில்லை.

நேரம் என்றால், நாள்பட்ட நோய்க்கு அரசாங்க மருத்துவமனையில் மருந்து எடுப்பவர்களுக்கு 'உபாட் மெலாலுய் போஸ்' என்ற அஞ்சல் சேவை இருக்கிறது. பல இடங்களில் காரை விட்டு இறங்காமலே மருந்து பெறும் முகப்புகளும் உண்டு. வீட்டுக்கு மருந்து வருவதில் தவறில்லை. அனுப்புபவர் உரிமம் பெற்ற மருந்தாளரா என்பதுதான் விஷயம்.

கூச்சத்துக்குத்தான் திட்டமும் கிடையாது, படிவமும் கிடையாது. ஆண்மைக் குறைவு, மூலம், வெள்ளைப்படுதல், மனச்சோர்வு, எடை என்று வீட்டில் வாய் திறந்து பேசாத எல்லாவற்றுக்கும் இணையத்தில் ஒரு கடை இருக்கிறது. ஆண்மைக் குறைவு பல நேரங்களில் நீரிழிவுக்கோ இதய நோய்க்கோ முதல் அறிகுறி. அதை மருத்துவரிடம் சொல்பவர் இதயத்தையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொள்கிறார். காப்பிப் பாக்கெட் வாங்குபவர் அந்த எச்சரிக்கை மணியின் வாயைக் கட்டுகிறார்.

வாங்குமுன் எதைப் பார்ப்பது?

முதலில், பெட்டியில் 'மால்' எண்ணைத் தேடுங்கள். மலேசியாவில் பதிவுபெற்ற ஒவ்வொரு மருந்துக்கும் 'எம்.ஏ.எல்.' என்ற மூன்று எழுத்துக்குப் பிறகு எட்டு இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எழுத்து பேசும். 'ஏ' என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, மருத்துவரோ மருந்தாளரோ தர வேண்டியது. 'எக்ஸ்' என்றால் கடையில் நேரடியாக வாங்கக்கூடியது. 'டி' பாரம்பரிய மருந்து. 'என்' சத்துப் பொருள். 'ஏ' எழுத்துள்ள மருந்து யாரோ ஒருவரின் நேரலையில் விற்பனைக்கு வந்தால், அது அசலாகவே இருந்தாலும் அந்த விற்பனை சட்டவிரோதம்.

எண்ணைப் பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள். யாரும் எந்த எண்ணையும் அச்சடிக்கலாம். வேறொரு மருந்தின் எண்ணைத் திருடியும் ஒட்டலாம். என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். மருந்தின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் பெட்டியில் உள்ளபடியே வர வேண்டும். கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டுப் பதிவு ரத்தான பொருளா என்பதையும் பாருங்கள்.

இரண்டாவது, 'ஃபார்மாடேக்' என்ற பாதுகாப்பு முத்திரை. அதிலுள்ள குறியீட்டை 'ஃபார்மா செக்கர்' செயலியால் வருடிப் பார்க்கலாம். முத்திரை கிழிந்தோ, ஒட்டி எடுத்ததுபோலவோ இருந்தால் வாங்காதீர்கள்.

மூன்றாவது, விளம்பரத்தின் சொற்கள். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் 20 வகை நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய், ஆஸ்துமா, மலட்டுத்தன்மை, ஆண்மைக் குறைவு ஆகியவை அதில் அடங்கும். 'சர்க்கரையை வேரோடு அறுக்கும்' என்று ஒருவர் சொல்கிறார் என்றால், பொருளைச் சோதிக்கும் வேலையே உங்களுக்கு இல்லை. விளம்பரமே சட்டத்தை மீறிவிட்டது. நான் மூச்சுவிடாமல் வாசிக்கும் அந்த எண் அவர் விளம்பரத்தில் இருக்காது.

நான்காவது, விற்பவர். கடை முகவரி எங்கே? மருந்தாளரின் பெயர் என்ன? பணம் நிறுவனக் கணக்குக்குப் போகிறதா, தனியாளின் கணக்குக்குப் போகிறதா? மருந்துச்சீட்டு வேண்டிய மருந்தை அது இல்லாமலே தர ஒத்துக்கொண்டால், அதுவே கடைசிப் பதில்.

பதிவில்லாத மருந்தை விற்பது 1952-ஆம் ஆண்டின் மருந்து விற்பனைச் சட்டத்தின்கீழ்க் குற்றம். முதன்முறை பிடிபடும் தனியாளுக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 'நான் சும்மா நாலு பெட்டி வாங்கிச் சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கிறேன்' என்று குழுவில் விற்கும் அத்தைமாரும் மாமாமாரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால்?

இதைப் படித்துவிட்டுப் பதறிப்போய், அலமாரியில் இருப்பதை எல்லாம் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். வலி, ஆஸ்துமா, தோல் அரிப்பு போன்றவற்றுக்கு எதையாவது பல வாரங்களாகச் சாப்பிட்டு வந்தால், அதில் ஸ்டெராய்டு இருந்திருக்கலாம். திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. பெட்டியோடு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். முகம் உருண்டிருந்தால், எளிதில் தோல் கன்றினால், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ காரணமில்லாமல் ஏறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வாந்தி, மயக்கம், குழப்பம் என்றால் நேரே அவசரப் பிரிவுக்கு.

பெட்டியை எறியாதீர்கள். அதுதான் தடயம். பக்கவிளைவு ஏற்பட்டால் நுகர்வோரே நிரப்பி அனுப்பும் 'கான்செர்ஃப்' என்ற படிவம் என்.பி.ஆர்.ஏ.வில் இருக்கிறது. விற்பனையைப் பற்றிய புகாரைச் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவுக்கு அனுப்பலாம். 'நமக்கு ஏன் வம்பு' என்று நாம் விட்டுவிடும் பெட்டிதான் வேறொரு வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

எங்கள் குடும்பக் குழுவில் விலை கேட்ட அந்த நான்கு பேரில் மூன்று பேர் வாங்கியிருந்தார்கள். பெரியம்மா மருத்துவமனையில் இருந்த இரவில் மூவரையும் நான்தான் அழைத்துப் பேசினேன். ஒருவர், "எனக்கு ஒண்ணும் ஆகலையேமா" என்றார். நிறுத்த வேண்டாம், நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள் என்றேன். மூவரும் போனார்கள்.

பெரியம்மா இப்போது அரசாங்க மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைக்குப் போகிறார். மெதுவாகத்தான் நடக்கிறார். இந்தத் தைப்பூசத்துக்குக் கீழே கூடாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், கைப்பேசியில் ஏதோ ஒரு கேப்சூலின் படத்தைக் காட்டி, "முட்டி வலிக்கு இது நல்லதாம்" என்றார்.

பெரியம்மா கைப்பேசியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மால் நம்பர் எங்கம்மா போட்டிருக்கு?"